வத்தல்மலைப் பாதையும் பழைய மோட்டார் வண்டியும்

பழைய மோட்டார் வண்டியை விலைக்கு வாங்கினோர் பலர்க்கும் பொதுவானதொரு துன்பம் உண்டு. எஞ்சின் பழுதாயின் ஓசையால் தன்னை அறிவிக்கும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குப் புலனாகும். எண்ணெய் ஒழுகினால் வண்டி நின்ற இடத்திற் கறை காட்டும். மின்சாரப் பழுது ஒன்றுதான் இவ்வாறு நேர்மையாக நடந்துகொள்வதில்லை. காலையில் எரிந்த விளக்கு மாலையில் எரியாது. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரு குறையுமின்றி எரியும். வீடு திரும்பும் வழியில் மறுபடியும் அணையும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் ஒளிரும். முகப்பு விளக்கை ஏற்றினால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் தானாகவே ஏறும். இவற்றைக் கண்டோர் 'வண்டிக்குத் திருஷ்டி' என்பர். எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து முன்புறம் தொங்கவிடுவர். வேறு சிலர், 'இது ராசியில்லாத வண்டி' எனக் கூறி அடுத்தவர் தலையிற் கட்டிவிடுவர். அடுத்தவரோ அந்த மாயத்தையும் சேர்த்தே விலைகொடுத்து வாங்கினவராவர்.

இக்கட்டுரையில் யாம் வற்புறுத்தப் புகுவன இரண்டு. இத்தகைய பழுதுகள் மாயமல்ல; அவற்றுள் மிகப் பல, மின்சாரம் சென்று மீளும் வழியில் நேர்ந்த தடையினால் விளைவன என்பது ஒன்று. அத்தடையைத் தேடிக் காணும் உழைப்பிற்கு நாம் கூலி கொடுப்பதில்லை, மாற்றும் பொருளுக்கே காசு கொடுக்கின்றோம், ஆதலின் தேடுதல் குறைந்து மாற்றுதல் பெருகிற்று, அதன் இழப்போ பொருளற்ற மக்களையே சார்கின்றது என்பது மற்றொன்று. தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு மோட்டார் ஒயரில் என்ன வேலை என்று நகைக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க. அதற்கும் விடை உண்டு.

முதற்கண், இப்பொருள் எவ்விடத்து எவர்க்கு உயிர்நிலையாய் நிற்கின்றது என்பதைக் காண்போம். தருமபுரி நகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்து நிற்பது வத்தல்மலை. மேலே மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சிற்றூர்கள் பலவற்றில் வாழ்கின்றனர். பால்சிலம்பு, சின்னாங்காடு, பெரியூர் என்பன அவற்றுட் சில. சாமையும் ராகியும் அவர்களது பழம்பயிர். காப்பியும் மிளகும் பின்னர் வந்து சேர்ந்தன. பலா மரங்களும் உண்டு. அடிவாரத்திலிருந்து மேலேற இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடத்தல் வேண்டும். தார்ச்சாலை அமையுமுன் தலைச்சுமையும் கால்நடையுமே துணையாயிருந்த மலைக்குச் சாலை வந்தபின் வண்டியும் வந்தது.

வந்த வண்டிகளோ புதியன அல்ல. மலைப்பாதையில் ஓடும் ஜீப்பும், சரக்கேற்றும் பிக்கப்பும், பெரும்பாலும் சமவெளியில் ஒருவரோ இருவரோ ஓட்டித் தீர்த்து விற்றவை. காப்பிக் கொட்டை மூட்டை சந்தைக்கு இறங்குவதும், நோயாளி மருத்துவமனைக்கு இறங்குவதும், பிள்ளைகள் மேற்படிப்புக்கு இறங்குவதும் இவற்றையே நம்பி நிற்கின்றன. பஸ் போகும் வேளை சில. வண்டி வேண்டப்படும் வேளை பல. நகரத்தில் ஒரு விளக்கு அணைந்தால் தெருவிளக்கு உதவும்; ஸ்டார்ட்டர் மறுத்தால் நால்வர் கூடித் தள்ளுவர். மழைக்காலத்து மாலையில் மூடுபனி இறங்கிய வளைவொன்றில், ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாய் நிற்க, முகப்பு விளக்கு திடீரென மங்கினால் உதவுவார் யார்? அங்கே அஃது உயிர்ப்பொருட்டான வினாவாகும்.

இனி, மின்சாரம் வண்டிக்குள் எவ்வாறு நடமாடுகின்றது என்பதை நோக்குவோம். பாட்டரிக்கு முனை இரண்டு. ஒன்றினின்று புறப்படும் மின்சாரம் சுவிட்சையும் பியூசையும் கடந்து ஒயர்வழியே விளக்கை அடைந்து, இழையைச் சுடச்செய்து, மறுமுனைக்கு மீண்டே ஆதல் வேண்டும். மீளும் வழி இல்லையேல் புறப்படுதலும் இல்லை. ஆயினும் வண்டியைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு, விளக்கொன்றிற்குப் போகும் ஒயர் தெரியுமேயன்றி வரும் ஒயர் பெரும்பாலும் தெரிவதில்லை. வண்டியின் இரும்பு உடம்பே மீளும் ஒயராக உதவுகின்றது. பாட்டரியின் ஒரு முனையைத் தடித்த பட்டை யொன்றால் உடம்போடு பிணைத்துவிட்டால், விளக்குகளும் ஹாரனும் தத்தம் அருகிலுள்ள இரும்பைத் தொட்டு நின்றாற் போதும். ஒயர் பாதியாகக் குறைகின்றது, செலவும் குறைகின்றது.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. 'பால் குடித்தான்' என்கின்றோம். பாலுக்கும் குடித்தலுக்கும் இடையே இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' தொக்கு நிற்கின்றது. கண்ணுக்குத் தெரியாவிடினும் பொருள் அதனாலேயே நடக்கின்றது. அதனை உணராதான் தொடரைப் பிரித்தறிய மாட்டான். மோட்டார் வண்டியின் மின்சார அமைப்பும் அவ்வாறே ஒரு தொகைநிலை. போகும் ஒயர் விரிந்து நிற்கின்றது. மீளும் வழி தொக்கு நிற்கின்றது. பழுது பார்ப்போர் விரிந்ததையே திரும்பத் திரும்ப ஆராய்ந்து தொக்கதை மறந்துவிடுதலே குழப்பத்திற்கு முதற்காரணம்.

இம்மறதிக்குப் பெயரும் ஒருவாறு துணைசெய்கின்றது. இம்மீள்வழியைப் பட்டறைகளில் 'எர்த்' என்றும் 'பாடி எர்த்' என்றும் வழங்குகின்றனர். அமெரிக்கர் 'கிரவுண்ட்' என்பர். இரண்டும் நிலத்தைக் குறிக்குஞ் சொற்கள். 1838-ஆம் ஆண்டில் ஸ்டைன்ஹைல் என்னும் ஜெர்மானியர், தந்திக் கம்பி இரண்டனுள் ஒன்றை நீக்கி நிலத்தையே மீள்வழியாகக் கொள்ளலாமென்று கண்டார். தந்திக்குப் பொருந்திய அப்பெயர் மோட்டார் வண்டிக்குச் சிறிதும் பொருந்தாது. வண்டி ரப்பர்ச் சக்கரத்தின்மீது நிற்கின்றது. அதன் மின்சாரம் நிலத்திற்குட் செல்வதே இல்லை. 'எர்த் போயிற்று' என்று கேட்கும் புதியவன், மின்சாரம் எங்கோ மண்ணுக்குள் ஒழுகிப்போனதாக எண்ணுகின்றான். 'மீள்வழி அறுந்தது' என்று கேட்டானாயின், அறுந்த இடம் எது என்று உடனே தேடத் தொடங்குவான். சொல் தெளிந்தால் சிந்தனை தெளியும். தமிழ் மாணாக்கர்க்கு இங்கே வேலை உண்டு என்று யாம் கூறியது இதனாலேயே.

மீள்வழி எவ்வாறு கெடுகின்றது? இரும்பில் துரு ஏறுகின்றது. செப்புக் கம்பியிற் களிம்பு ஏறுகின்றது. துருவும் களிம்பும் மின்சாரத்தை எளிதில் விடா. உடம்போடு ஒயரைப் பிணைக்கும் போல்ட்டு சக்கரத்தினருகே, சேறும் நீரும் தெறிக்குமிடத்தே இருப்பதுண்டு. மலைமேல் மழையும் பனியும் மிகுதி. கல்லும் குழியும் நிறைந்த பாதையிற் குலுங்குதலும் மிகுதி. பத்தும் பதினைந்தும் ஆண்டுகள் இவ்வாறு கழிந்தால் இறுகிய போல்ட்டும் தளரும். தளர்ந்த இடத்தில் நீர் புகும். நீர் புகுந்த இடத்தில் துரு ஏறும். பழுது வருவதும் போவதுமாய்த் தோன்றுவதற்குக் காரணமும் இதுவே. குலுக்கத்தில் இரும்பும் இரும்பும் ஒருகணம் நன்கு தொட்டால் விளக்கு எரியும். மறுகுலுக்கத்தில் விலகினால் அணையும். பட்டறையின் சமதரையில் வண்டி அசைவற்று நிற்கும்போது எல்லாம் ஒழுங்காயிருத்தலில் வியப்பென்னை?

தடை எவ்வளவு சிறியதாயினும் தீங்கு சிறிதன்று. ஜியார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானியப் பள்ளியாசிரியர் 1827-இல் தமது நூலில் வெளியிட்ட விதியைக் கொண்டு இதனைக் கணக்கிடலாம். 12 வோல்ட்டில் எரியும் 60 வாட் முகப்பு விளக்கு 5 ஆம்பியர் மின்சாரத்தை ஏற்கும். அதன் தடை 2.4 ஓம். துருவேறிய போல்ட்டு ஒன்று அரை ஓம் தடையைச் சேர்த்தால், விளக்கிற்குக் கிட்டுவது ஏறக்குறைய 10 வோல்ட்டே. ஆறில் ஒரு பங்குதானே குறைந்தது என்று அமைதல் ஆகாது. இழை விளக்கின் ஒளி வோல்ட்டைக் காட்டிலும் பன்மடங்கு விரைந்து குறையுமாதலின், ஒளியில் ஏறத்தாழப் பாதி மறைந்துவிடும். ஸ்டார்ட்டரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 150 ஆம்பியர் கேட்கும் ஸ்டார்ட்டரின் வழியில் ஓம் ஒன்றில் இருபதில் ஒரு பங்கு தடை இருப்பினும், கணக்கின்படி 7.5 வோல்ட் அவ்விடத்திலேயே அழியும். எஞ்சியதைக் கொண்டு ஸ்டார்ட்டர் 'டக்' என்று ஒலிக்குமேயன்றி எஞ்சினைச் சுழற்றாது. உடையவரோ புதுப் பாட்டரி வாங்க ஓடுகின்றார்.

இனி, யாம் கோடை விடுமுறையில் வத்தல்மலையில் நேரிற் கண்ட ஒன்றை இங்கே கூறுதல் பொருந்தும். பழைய பிக்கப் வண்டி யொன்று. உடையவர் அதனைச் சமவெளியில் ஒருவரிடமிருந்து வாங்கிச் சில திங்களே ஆயின. பளபளக்கும் புதுப் பெயிண்ட். இரவில் பின்விளக்கு இரண்டும் எரியும். பிரேக்கை மிதித்தவுடன் இடப்புறத்தது அணைந்தாற்போல் மங்கும். அவ்வேளையில் முன்புறத்து இடப்பக்க இண்டிகேட்டர் மங்கலாக ஒளிரும். மும்முறை பட்டறைக்குப் போய் வந்தது. பல்பு மாற்றினர், பிரேக் சுவிட்சு மாற்றினர், இண்டிகேட்டரைச் சிமிட்டச் செய்யும் ரிலேயை மாற்றினர். பழுது மாறவில்லை. நான்காம் முறை பார்த்தவர் முதியதோர் எலக்ட்ரீஷியன். அவர் ஒன்றையும் மாற்றவில்லை. நீண்ட ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு நுனியைப் பாட்டரியின் மீள்முனையிலும் மறுநுனியை இடப்புறப் பின்விளக்கின் உலோகக் கூட்டிலும் தொடுவித்தார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார். விளக்கு செவ்வனே எரிந்தது. பின்பு விளக்கின் மீள்வழி ஒயர் வண்டிச் சட்டத்தோடு சேருமிடத்தைக் கழற்றினார். ஒயரின் வளையத்திற்கும் சட்டத்திற்கும் இடையே, விற்பனைக்காகப் பூசிய புதுப் பெயிண்ட் தடித்துப் படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இரும்பை வெளுக்கச் செய்து, இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவினார். வேலை அவ்வளவே. வாங்குவோரைக் கவர்வதற்குப் பூசப்பட்ட பளபளப்பே வண்டியின் கண்ணைக் கெடுத்தது என்க.

அம்மாயத்தின் விளக்கமும் எளிதே. பிரேக்கை மிதித்தபோது பிரேக் விளக்கின் இழையிற் புகுந்த மின்சாரத்திற்கு மீளும் வாயில் அடைபட்டிருந்தது. ஆகவே அஃது அருகிலிருந்த இண்டிகேட்டர் இழைக்குள் எதிர்முகமாய்ப் புகுந்து, அதன் ஒயர்வழியே முன்புறம் ஓடி, அங்குள்ள இண்டிகேட்டரின் நல்ல மீள்வழியாற் கரையேறிற்று. வழிநெடுக மூன்று இழைகள் பகிர்ந்துகொண்டமையால் ஒன்றேனும் முழுதும் ஒளிரவில்லை. பின்விளக்கிற்கோ இருபுறமும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒத்துநிற்கவே, மின்சாரம் ஓடாது மங்கிற்று. வாயில் அடைபட்ட நீர் மடையை விட்டு வரப்பை உடைத்துக்கொண்டு ஓடுவதை ஒக்கும் இது. இதன் கொடுமையை நினைமின்! பின்னே வருபவரை எச்சரிப்பதற்கென்றே அமைந்த விளக்கு, எச்சரிக்கவேண்டிய அந்நொடியிலேயே மங்குகின்றது. மலையிறக்கத்தில் பிரேக் மிதியாத வளைவு ஏது?

ஏனைய மாயங்களிற் பலவும் இவ்வகையினவே. எஞ்சினையும் சட்டத்தையும் பிணைக்கும் பட்டை அறுந்தால், ஸ்டார்ட்டரின் பெருமின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிளையோ கிளட்சுக் கேபிளையோ மீள்வழியாகக் கொண்டு அதனைச் சுட்டுவிடும். கேபிள் ஏன் அடிக்கடி கெடுகின்றது என்று உடையவர் வருந்துவார். சூடு காட்டும் முள் முகப்பு விளக்கோடு ஏறுவது, இரண்டும் ஒரே கெட்ட மீள்வழியைப் பங்கிட்டுக்கொள்வதால் ஆகலாம். இரவோடிரவாகப் பாட்டரி வற்றுவது மட்டும் வேறு இனம். அங்கே மின்சாரம் மீளாமற் போகவில்லை, ஓயாமல் மீள்கின்றது. வண்டியினுள் அணையாது விடப்பட்ட 5 வாட் பல்பு ஒன்று, 60 ஆம்பியர்-மணிப் பாட்டரியை ஆறு நாளில் வெறுமையாக்கும். எஞ்சினைக் கிளப்பும் வலிமை அதற்கு முன்னரே போய்விடும். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதனைக் கழற்றும்போது ஒழுக்கு நிற்கின்றது என்று அளந்து பார்த்தால் கள்வன் அகப்படுவான்.

அனைத்தையும் பழுதென்று கொள்ளுதலும் தவறு. டைனமோ பூட்டிய மிகப் பழைய வண்டிகளில், எஞ்சின் மெல்ல ஓடும்போது விளக்கு மங்குதல் இயல்பே. டைனமோ குறைந்த வேகத்தில் போதிய மின்சாரம் தருவதில்லை. ஆல்டர்னேட்டர் அக்குறையை நீக்கிற்று. முற்காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே உடம்போடு பிணைக்கப்பட்டிருந்தது. 1960-களில் எதிர்முனைக்கு மாற்றினர். மின்கருவி செய்த பர்மிங்காம் நகரத்து லூகாஸ் கம்பெனியாரை 'இருளின் இளவரசர்' என்று ஆங்கிலேயர் வேடிக்கையாகப் பழித்துண்டு. அப்பழியிற் பெரும்பகுதி துருவேறிய போல்ட்டுகளுக்கே உரியது என்பது எம் கருத்து. அவர்களது கூட்டுறவில் 1961-இல் தோன்றிய லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை நம் சென்னைப் பாடியில் இருப்பதை அனைவரும் அறிவர். 1950-களின் பிற்பகுதி தொடங்கி 2014 வரை வங்காளத்து உத்தர்பாராவில் உருவான அம்பாசடர் கார்களை இந்நாட்டு மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாக ஓடச்செய்தனரே. செய்தவனைப் பழித்தா ஓட்டினர்? பழுதின் இடத்தைத் தேடியறிந்தே ஓட்டினர்.

அங்ஙனமாயின் இன்று தேடுதல் குறைந்ததேன்? மெக்கானிக்குகள் அறியாமையுடையோர் என்று சிலர் கூறுவர். யாம் அதனை ஒப்போம். குறை கேட்போரிடத்தும் உளது. எலக்ட்ரீஷியன் ஒருவர் இரண்டு மணிநேரம் வண்டியின் கீழே படுத்துத் தேடி, ஒரு போல்ட்டைத் தேய்த்து இறுக்கிவிட்டுக் கூலி கேட்டால், 'ஒன்றும் மாற்றவில்லையே, எதற்கு இவ்வளவு?' என்கின்றோம். அவரே பத்து நிமிடத்தில் ஒரு ரிலேயை மாற்றிப் பழையதைக் கையிற் கொடுத்தால் வாய் பேசாது காசு கொடுக்கின்றோம். கையில் வந்த பொருள் கண்ணுக்குத் தெரிகின்றது. தேடிய அறிவு தெரிவதில்லை. எதற்குக் கூலி கிடைக்குமோ அதனையே தொழிலாளர் செய்வர். மாற்றுவதற்கே கூலி என்றால் மாற்றுவர். தேடுவதற்குக் கூலி என்றால் தேடுவர். நோயறியும் மருத்துவர்க்கு, மருந்து கொடாவிடினும் காணிக்கை தருகின்றோம். வண்டியின் நோயறிபவர்க்கு அம்முறையை மறுப்பது எந்நியாயம்?

இவ்வநியாயத்தின் சுமை மலைமேல் வாழ்வோர்மீதே மிகுதியாக விழுகின்றது. செல்வர் மும்முறை பொருள் மாற்றினாலும் தாங்குவர். காப்பி மிளகு விற்ற பணத்தில் வண்டிக் கடன் கட்டுபவர், ஒவ்வொரு முறையும் மலையிறங்கி, ஒருநாள் வருவாயை இழந்து, வேண்டாத பொருளுக்கு விலையும் கொடுக்கின்றார். இறுதியிற் சலித்து, தாமே ஒயரை முறுக்கி டேப் சுற்றுகின்றார். அடிக்கடி எரிந்துபோகும் பியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் செருகுகின்றார். பியூஸ் எரிதல் குற்றமன்று. அது காவலன் கூச்சலிடுதல். காவலன் வாயை அடைத்தபின் எரிவது ஒயராக இருக்கும். ஒயரோடு வண்டியும் எரியலாம்.

'பழைய வண்டியை ஒழித்துவிட்டால் தொல்லை தீருமே' என்பார் உளர். பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையை மத்திய அரசாங்கத்தார் 2021-இல் வெளியிட்டனர். புகையும் விபத்தும் குறையவேண்டும் என்ற அந்நோக்கத்தை யாமும் மதிக்கின்றோம். உண்மையிலேயே ஓடத்தகாத வண்டி ஓடலாகாது. ஆயினும் புது வண்டி வாங்க இயலாதார் உள்ளவரையில் பழைய வண்டி ஓடியே தீரும். அன்றியும், புது வண்டியில் ஒயரும் மின்கருவியும் பழையதினும் பல. அவையும் உடம்பையே மீள்வழியாகக் கொண்டவை. அவற்றிற்கும் பதினைந்து ஆண்டு ஒருநாள் ஆகும். முற்காலத்து ஜீப்பாயின், பாட்டரி வற்றினாலும் முன்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பலாம். இந்நாளைய வண்டிக்கு அக்கைப்பிடி இல்லை. மின்சாரம் நின்றால் வண்டியும் நின்றது. ஆகவே மீள்வழியை அறியும் அறிவு இனி வேண்டாததாகப் போவதில்லை. மேலும் வேண்டப்படுவதாகவே ஆகும்.

செயற்பாலன யாவை? பழைய வண்டி வாங்குவோர் பெயிண்டையும் டயரையும் பார்ப்பதோடு அமையாது, மூன்றைச் செய்து பார்த்தல் நன்று. முதலாவது, இரவில் வாங்குக. அன்றேல் இருளான கொட்டகையில் நிறுத்தி, விளக்குகள் அனைத்தையும் ஏற்றி, பிரேக்கையும் மிதித்து, ஒன்றினால் மற்றொன்று மங்குகின்றதா என நோக்குக. இரண்டாவது, மல்டிமீட்டர் ஒன்றால் பாட்டரியை அளக்க. நன்கு நிரம்பி ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நிற்றல் வேண்டும். மூன்றாவது, விளக்கு எரியும்பொழுதே மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் மீள்முனையிலும் மற்றதை விளக்கின் உலோகக் கூட்டிலும் வைக்க. முள்ளோ எண்ணோ சுழியை ஒட்டி நின்றால் மீள்வழி நன்று. அரை வோல்ட்டு காட்டினால் எங்கோ துரு உண்டு. விளக்கை அணைத்துவிட்டுச் சோதித்தல் பயனற்றது. பல இழைகள் அறுந்து ஓரிழையே எஞ்சிய ஒயரும் வேலையற்ற வேளையில் நல்லதுபோலவே நடிக்கும். சுமை ஏற்றினாலன்றி அதன் வலியின்மை வெளிப்படாது.

பட்டறையுடையோர், பழுது கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு கூலி என்று தனியே பலகையில் எழுதி வைப்பாராக. வண்டியுடையோர் அக்கூலியை முகங்கோணாது தருவாராக. 'எங்கே இருந்தது, காட்டுங்கள்' என்று கேட்டறியும் உரிமையும் அக்கூலியோடு வரும். கண்டறிந்தவரும் தமது அறிவு மதிக்கப்பட்டதென்று மகிழ்வார்.

இறுதியாக, நம் கல்லூரி மாணாக்கர்க்கு ஒரு வேண்டுகோள். வண்டியின் மின்சார வழியை விளக்கும் படங்கள் ஆங்கிலத்தில் அச்சாகின்றன. வளைவுதோறும் உயிரைக் கையிற் பிடித்து ஓட்டுபவர் படிப்பது தமிழ். பௌதிகம் பயிலும் நண்பர்கள் பொருளைத் தரட்டும். தமிழ் பயிலும் யாம் சொல்லைத் தருகின்றோம். தருமபுரி அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்து ஆசிரியர்களும் கைத்தொழில் வல்ல எலக்ட்ரீஷியன்களும் பிழை திருத்தட்டும். முப்பது பக்கத்தில், படங்களோடு, ஓட்டுநர் இருக்கைக்கடியில் வைத்துக்கொள்ளத்தக்க சிறுநூல் ஒன்று எழுதலாகாதா? பட்டறையிற் பயின்றுவரும் சொற்களை அதில் இகழ்ந்து ஒதுக்கவும் வேண்டா. 'பாடி எர்த்' என்பதை முதலில் எழுதி, 'அஃதாவது மீள்வழி' என்று அடுத்து விளக்கினாற் போதும். அழகிய சொற்களை ஆக்கி ஏட்டிலே வைத்திருத்தல் மட்டும் தமிழ்த்தொண்டு ஆகாது. மலையிறங்கும் ஒருவர்க்கு, தம் வண்டியின் பின்விளக்கு ஏன் மங்குகின்றது என்று தம் மொழியிலேயே தெரியச்செய்வதும் தமிழ்த்தொண்டே.

அதற்கு வேண்டுவன பெரியவை அல்ல: ஒரு ஸ்பானர், ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு மணிநேரப் பொறுமை, அப்பொறுமைக்கு உரிய கூலி. இவை நான்கும் ஒருங்கே அமையுமாயின் வத்தல்மலைப் பாதையில் இரவில் ஏறும் விளக்குகள் மங்காது ஒளிரும்.